பொருநை முகில் பராமரிப்பில் உள்ளது

இந்தப் பைய மேல வைக்க வேண்டாம் அண்ணாச்சி, மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்ல. குலுங்கக் கூடாது, அவ்வளவுதான். ரயிலு குலுங்கத்தான் செய்யும், ஆனா மடியில இருந்தா நம்ம ஒடம்பு பாதிய வாங்கிக்கிடும்லா. நீங்க காலத் தாராளமா நீட்டுங்க, எனக்கு இந்த ஓரம் போதும்.

உள்ள என்னன்னு வாய் விட்டுக் கேக்க மாட்டேங்கிய, ஆனா பார்வை பூரா பை மேலதான் இருக்கு. பயப்படாதிய, ஹார்டு டிஸ்க்கு, அஞ்சு இருக்கு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும்லா, அது. துண்டுல சுத்தி, அதுக்கு மேல என் வீட்டுக்காரி போர்வையக் கிழிச்சுச் சுத்தி வச்சிருக்கேன். சென்னையில ஒரு ஆபீஸ் இருக்காம், செத்துப்போன டிஸ்க்கத் தொறந்து உள்ள இருக்கறத எடுத்துக் குடுப்பாவளாம். போன்ல கேட்டா, பாத்தாத்தான் சொல்ல முடியும்ங்காவ. வரும்னும் சொல்லல, வராதுன்னும் சொல்லல. வராதுன்னு சொல்லலைல்லா? அதான் லீவு போட்டுட்டுக் கெளம்பிட்டேன்.

என் பேரு நம்பிராஜன். ஒரு பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் சென்டருல இருக்கேன். எந்தப் பல்கலைக்கழகம்னு மட்டும் கேட்றாதிய. சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி. சாப்பிடுதேன், எறங்க மாட்டேங்கு. வீட்டுல கேக்கா, ஒடம்புக்கு என்ன செய்யின்னு. அவகிட்ட என்னத்தச் சொல்ல? ஒங்ககிட்டன்னா சொல்லலாம். நீங்க திருச்சியில எறங்கிப் போயிருவிய.

கிளவுட்டுன்னு கேள்விப்பட்டிருப்பிய. போன்ல எடுக்கற போட்டோ எல்லாம் எங்கயோ போயி உக்காந்துக்கிடும்லா, அதான். பேருதான் மேகம். எவனோ ஒருத்தன் ரூமுல ஓடுற மிஷின், அவ்வளவுதான் சங்கதி. அந்த ரூம் எந்த நாட்டுல இருக்குன்னு நமக்குத் தெரியாது. எங்க பேராசிரியருமாரு, ஆராய்ச்சி பண்ற பிள்ளைய எல்லாரும் அங்கதான் எல்லாத்தையும் போட்டு வச்சிருந்தாவ, ஓசியில கெடைக்குன்னு. நான்தான் மேலிடத்துல போயி நின்னேன். நம்ம டேட்டா நம்ம காம்பவுண்டுக்குள்ள இருக்கணும் சார், நாளைக்கு அவன் கதவச் சாத்திட்டாம்னா எங்க போயி நிப்போம்னு கேட்டேன். தனி ரூம் தந்தாவ, ரெண்டு ஏசி தந்தாவ. பீரோ ஒசரத்துக்கு ஒரு ரேக்கு, அது நெறைய டிஸ்க்கு. நம்ம ஆத்துப் பேரையும் சேத்து பொருநை முகில்னு பேரு வச்சதும் நான்தான். அந்தக் காலத்துல அது ஓடுற சத்தத்தக் கேட்டுக்கிட்டே ரூமுல சும்மா உக்காந்திருப்பேன். சிரிக்காதிய, நெசமாத்தான்.

ரேக்குக்கு அடியில இன்னொரு பெட்டி. நகல் பெட்டி. மேல இருக்கறது என்னமும் ஆச்சுன்னா கீழ இருந்து எடுத்துக்கிடலாம். அத வேற கட்டடத்துல வைக்கணும், அதுதான் மொறை. எழுதிக் குடுத்தேன். எடம் தாரேன்னு சொன்னாவ, தரல. நானும் பொறவு கேக்கல. சரி, அத விடுங்க.

அந்த நகல் பெட்டி நெறஞ்சு போச்சு. எப்பிடி நெறஞ்சுதுங்கிய? தாவரவியல்ல ஒரு பேராசிரியரு, பெரிய மனுசன், மக கல்யாண வீடியோ மொத்தத்தையும் 'நெல் ரகங்கள்'னு ஒரு ஃபோல்டர் போட்டு ஏத்தி வச்சிட்டாரு. மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், மறுவீடு, எல்லாம். எனக்குத் தெரியும். தெரிஞ்சு எப்பிடிக் கேக்க? அந்தக் கல்யாணத்துல நானும் மொத பந்தியில இருந்து சாப்பிட்டிருக்கேன். அவரப் பாத்து இன்னும் நாலு பேரு. பெட்டி நெறஞ்சிட்டுன்னு தெனமும் எனக்கு ஒரு மெயில் வரும். காலையில வந்ததும் அதத்தான் பாக்கணும். எரிச்சலா இருக்கும்லா? மெயில் வராம நிறுத்திட்டேன். புதுப் பெட்டி வாங்குததுக்கு எழுதிப் போட்டிருக்கோம்லா, வந்ததும் பாத்துக்கிடுவோம்னு நெனச்சேன். பெட்டி நெறஞ்ச பொறவு முகிலுக்குள்ள வந்தது ஒரே ஒரு ஆளுதான். எஸ்கலின்.

எஸ்கலின் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. கண் சம்பந்தமா ஆராய்ச்சி. உப்பளத்துல வேலை பாக்கற பொம்பளைய இருக்காவல்லா, வெயிலும் உப்பும் சேந்து கண்ணுல அடிச்சுக்கிட்டே இருக்கும். கண்ணோரத்துல சதை வளந்து உள்ள ஏறுமாம். அது வருஷத்துக்கு வருஷம் எப்பிடி ஏறுதுன்னு, அதே ஆளுவளோட கண்ண மூணு வருஷமாத் திரும்பத் திரும்பப் படம் எடுத்திருக்கா. கேமராவத் தூக்கிக்கிட்டு பாத்திக்கரையிலயே போயி நிப்பா. வேலை முடிஞ்சு வார பொம்பளைய மொகத்தக் கழுவிட்டு வந்து ஸ்டூல்ல உக்காருவாவளாம். அதுல பேச்சித்தாய்னு ஒரு அம்மா மொத வருஷம் படம் எடுக்கும்போது ரெண்டு கண்ணுலயும் பாத்திருக்காவ, இப்ப ஒரு கண்ணுதானாம். இதெல்லாம் எஸ்கலின் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் படங்கள வச்சுத்தான் அவளுக்குப் பட்டம். போன வருஷத்துப் படத்த இனி போயி எடுக்க முடியுமா, சொல்லுங்க? போன வருஷத்துக் கண்ணுக்கு எங்க போறது?

அவ ரொம்ப நாளா முகிலுக்குள்ள வரல. ரெண்டு சின்ன டிஸ்க்குல வச்சிருந்தா. ஒண்ணு வீட்டுல, ஒண்ணு பையில. கூறுள்ள பிள்ளை. நான்தான் விடல. பல்கலைக்கழகத்துக்கு மார்க்கு போடுற தரச்சான்று கமிட்டி வாரதா இருந்துது. எல்லாத் துறையும், எல்லா மாணவரும் நம்ம முகிலுக்குள்ள இருக்காவன்னு காமிக்கணும்லா. பட்டியல்ல எல்லாத்துக்கும் நேரா பச்சை. அவ பேரு மட்டும் செவப்பு. பாக்கப் பாக்க கண்ண உறுத்திச்சு எனக்கு.

சட்டமும் அப்பிடித்தான் அண்ணாச்சி, நானா இட்டுக்கட்டிச் சொல்லல. நோயாளிய படம் யாரு கையிலயும் தனியா இருக்கப்பிடாது. தொலஞ்சா அந்தப் பொம்பளைய மானம் போயிரும்லா? அதுக்குத்தான் விதி வச்சிருக்கு. அவள வரச்சொன்னேன். ரெண்டு டிஸ்க்கையும் ஒரு பூந்துவாலையில பொதிஞ்சு கொண்டுக்கிட்டு வந்தா. எல்லாத்தையும் முகில்ல ஏத்தியாச்சு. ஏத்தி முடிச்சதும் டிஸ்க்க அழிக்கணும். அப்ப ஒண்ணு கேட்டா.

"சார், ஒண்ண மட்டும் எங்கிட்டயே வச்சுக்கிடட்டா சார்? ஒரு ஓரமாக் கெடக்கட்டும். நான் யாருகிட்டயும் காட்ட மாட்டேன்."

நான் சிரிச்சேன். யம்மா, ஒன் பையில இருக்கதா பத்திரம், இங்க இருக்கதா பத்திரம்னு கேட்டேன். ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி ரேக்கக் காமிச்சேன். இது ஒரு நாளும் நிக்காதுன்னு சொன்னேன். நான் சொன்னது அது. இந்த வாயால சொன்னது. அவ தலைய ஆட்டுனா. ரெண்டு டிஸ்க்கையும் அவ கண்ணு முன்னாலயே அழிச்சேன். அழியும்போது திரையில ஒரு கோடு மெல்ல நகரும்லா, அதையே பாத்துக்கிட்டு நின்னா. பொறவு காலி டிஸ்க்க அதே துவாலையில பொதிஞ்சு எடுத்துட்டுப் போனா. நான் டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்கல. பட்டியல்ல அவ பேரு பச்சையாச்சு. கமிட்டிக்காரங்க கை குடுத்தாவ.

இது வரைக்கும் நான் செஞ்சது சரிதான். எந்த எடத்துல வேணும்னாலும் வந்து சொல்லுவேன். தப்பு பண்ணுனது ஆயுத பூஜை அன்னைக்கு.

எங்க அப்பா மாவு மில்லுல ஃபிட்டரு. ஆயுத பூஜைக்கு மொத நாளே பெல்ட்டக் கழட்டிருவாவ. மிஷினத் தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மறுநா விஜயதசமிக்குத்தான் ஓட விடுவாவ. ஓடுற மிஷினுக்குப் பொட்டு வைக்கப்பிடாது, அதுவும் ஒரு நா உக்காரட்டும்னு சொல்லுவாவ. எங்க சென்டருல வருஷா வருஷம் கீபோர்டுக்கும் பிரிண்டருக்கும் பொட்டு வைப்போம், பொரி வைப்போம், முகில் அது பாட்டுக்கு ஓடும். இந்த வருஷம் புதுத் துணைவேந்தரு பூஜைக்கு வாரேன்னுட்டாரு. அதுவும் முகில் ரூமுக்கே. நான் வாழைக்கன்னு கட்டினேன், ரேக்குக்கு ஆளுயர மாலை வாங்கினேன். ஐயரு மந்திரம் சொல்லுதாரு, ஒண்ணும் காதுல விழல, அந்த எரைச்சல். துணைவேந்தரு என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, என்ன நம்பிராஜன், சரஸ்வதிக்கே ஓய்வு குடுக்கோம், ஒங்க முகிலுக்கு ஓய்வு கெடையாதான்னு கேட்டாரு. விளையாட்டாத்தான் கேட்டாரு. அவரு மேல ஒரு குத்தமும் இல்ல.

வருஷக்கணக்கா நிக்காம ஓடுன டிஸ்க்க நிறுத்தினா, ஆறிப்போயி, மறுபடி எந்திரிக்காமப் போயிரும். இது எனக்குத் தெரியாதான்னு கேக்கியளா? தெரியும் அண்ணாச்சி. நானே வகுப்பெடுத்திருக்கேன், கரும்பலகையில படம் போட்டுக் காமிச்சிருக்கேன். அந்த நேரத்துல அதெல்லாம் மனசுல வரல. எங்க அப்பா பெல்ட்டக் கழட்டுறதுதான் வந்துது. ஒவ்வொண்ணா நிறுத்தினேன். ரூம் அமைதியாச்சு. மந்திரம் நல்லாக் கேட்டுச்சு. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாவ. மாலையோட சேத்து போட்டோ எடுத்தாவ, நானும் நிக்கேன் அதுல. சந்தோசமா இருந்தேன், பொய் சொல்லக் கூடாது.

விஜயதசமிக்குக் காலையில போயி சுவிட்சப் போட்டேன். டக்கு டக்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் என்னன்னு எங்க ஆளுவளுக்குத்தான் தெரியும், டிஸ்க்கு செத்துட்டுன்னு அர்த்தம். ரெண்டு டிஸ்க்கு செத்தா மத்தது தாங்கிக்கிடும், அப்பிடித்தான் கட்டி வச்சிருக்கு. அன்னைக்கு அஞ்சு எந்திரிக்கல. நிறுத்தினேன், போட்டேன், நிறுத்தினேன், போட்டேன். சந்தனம் காஞ்சு ஒதிர்ந்து தரையெல்லாம் கெடக்கு. அந்தத் தரையிலயே உக்காந்து அழுதேன் அண்ணாச்சி. இந்த வயசுல.

பொறவு எந்திரிச்சு மொகத்தக் கழுவிட்டு ஒரு அறிவிப்பு அடிச்சு ஒட்டினேன். 'பொருநை முகில் பராமரிப்பில் உள்ளது.' நகல் பெட்டி நல்லா இருந்துது. அதுல இருந்து ஒவ்வொருத்தருக்கா எடுத்துக் குடுத்தேன். தாவரவியல்காரருக்கு மாப்பிள்ளை அழைப்பு, மறுவீடு எல்லாம் ஒரு நிமிசம் கொறையாம வந்துட்டு. பரவால்லையே நம்பி, சீக்கிரம் சரி பண்ணிட்டியேன்னு முதுகுல தட்டுனாரு. எல்லாத்துக்கும் வந்துது. எஸ்கலினுக்கு மட்டும் வரல. பெட்டி நெறஞ்ச பொறவு வந்தவ, அவளுக்கு நகலே கெடையாதே, எங்க இருந்து வரும்?

மொத போனு அன்னைக்குச் சாயங்காலமே வந்துது. நான் என்ன சொன்னேன்னா, ஒன் ஃபோல்டரு பெருசும்மா, அதான் கடைசியா வரும், பொறுத்துக்கோன்னு சொன்னேன். சரி சார்னுட்டா. எப்பக் கேட்டாலும் சரி சார்தான். கோவப்பட்டாக்கூட நமக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும், அதுவும் பட மாட்டா. ஒரு நா ஆபீசுக்கே வந்தா. தூத்துக்குடி மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்திருந்தா. எனக்காக ரொம்பக் கஷ்டப்படுதிய சார்னு மேசையில வச்சிட்டுப் போனா. அத வீட்டுக்குக் கொண்டு போகவும் மனசில்ல, குப்பையில போடவும் கை வரல. ஆபீசுலயே ஒவ்வொண்ணா நானே தின்னு தீத்தேன்.

இன்னொரு தடவ கேட்டா, சார், மழை வந்துட்டா உப்பளத்துல வேலை நின்னுரும், அந்தம்மாமாரெல்லாம் வேற வேலைக்குச் செதறிப் போயிருவாவ, அதுக்கு முன்னால ஒரு எட்டு போயி இந்த வருஷத்துப் படத்தையாவது மறுபடி எடுத்து வச்சுக்கிடட்டா, ஒரு பாதுகாப்புக்குன்னு. நான் வேண்டாம்னுட்டேன். எதுக்கும்மா இந்த வெயில்ல அலையிதேன்னேன். பாவம்லா? இருக்கற படத்த எதுக்கு ரெண்டாம் தடவ எடுக்கணும்? போகல அவ. இப்பத்தான் பாக்கியளே, வெளிய மழை எப்பிடிப் பெய்யுதுன்னு. இனி தையிலதான் பாத்தி கட்டுவாவ.

என்ன கேட்டிய? இல்ல அண்ணாச்சி, அவகிட்ட இன்னும் சொல்லல. எப்பிடிச் சொல்ல? நீங்களே சொல்லுங்க. வளந்த பிள்ளை, இன்னும் கல்யாணம் ஆகல, அப்பன் கெடையாது. மூணு வருஷம் போச்சும்மான்னு சொன்னா நெஞ்சு வெடிச்சிராதா? இந்தப் பாரத்த நானே சொமந்துக்கிடுதேன், அவ நிம்மதியா இருக்கட்டும்னுதான். டிஸ்க்கு எல்லாத்தையும் மீட்டுக் கையில குடுத்திட்டு, பொறவு காலுல விழுந்துகூடச் சொல்லிருவேன். மீட்டுட்டுச் சொல்றது ஒண்ணு, மீட்காமச் சொல்றது ஒண்ணு, இல்லையா?

பட்டம் குடுக்கறதுக்கு ஒரு கெடு இருக்கு அண்ணாச்சி. அவளுக்கு இன்னும் ஒரு மாசத்துல அது முடியப்போகுது. அதுக்குள்ள ஆய்வ முடிச்சுக் குடுக்கணும். முடியலைன்னா ஒரு மாசத்துக்கு முன்னாலயே காரணத்த எழுதி எக்ஸ்டென்ஷன் கேக்கணும், ஒரு வருஷம் தருவாவ. ரெண்டும் இல்லைன்னா பதிவே ரத்து. மூணு வருஷம், படிச்சது, அலைஞ்சது, எல்லாம் இல்லைன்னு ஆயிரும். எக்ஸ்டென்ஷன் போடட்டா சார், இல்ல வந்திருமான்னு கேட்டா. வந்திரும்மா, போடாதன்னு சொன்னேன். எக்ஸ்டென்ஷன் வாங்குனவன்னு பேரு வந்துட்டா நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல ஒரு மாதிரிப் பாப்பாவ. அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். அதோட காரணம்ங்கிற கட்டத்துல அவ என்னத்த எழுதுவா? முகில் நின்னு போச்சுன்னு எழுதுவா. அப்ப அது ஏன் நின்னுதுன்னு ஒரு கேள்வி வரும். கேள்வி வந்தா துணைவேந்தரு வரைக்கும் போகும், பாவம் அவரு என்ன பண்ணுனாரு? பத்திரிகைக்காரன் வருவான். முகிலையே மூடுன்னுருவாவ. ஒரு ஆளுக்காக அத்தன பேரோட டேட்டாவும் மறுபடி வெளிநாட்டுக்குப் போகணுமா?

அந்த மனுவுக்குக் கெடு எப்பங்கியளா? இன்னைக்குத்தான். சாயங்காலம் ஆபீசு மூடுற வரைக்கும்.

நேரம் இருக்குன்னு எனக்கும் தெரியும். உடனே போன் போடச் சொல்லுதிய, சரி. காலையில இருந்து நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டு வாரேன். சாத்தூருல போடலாம்னு நெனச்சேன், டவர் இல்ல. விருதுநகருல டவர் இருந்துது, பக்கத்துல ஆளு இருந்துது. மதுரை தாண்டட்டும்னு பாத்தேன். நீங்க சொல்றது சரிதான் அண்ணாச்சி, எக்ஸ்டென்ஷன் போட்டுட்டா அவளுக்கு ஒரு வருஷம் கெடைக்கும், தையில இருந்து மறுபடி எடுக்கலாம், கொஞ்சமாவது மிஞ்சும். எனக்குத் தெரியாம இல்ல. சொல்லிருதேன். ஒங்ககிட்ட இவ்வளவு சொன்னதுல வாய் கொஞ்சம் பழகிட்டு. இப்பவே சொல்லிருதேன். பாருங்க, அவளே கூப்பிடுதா.

அலோ. சொல்லும்மா எஸ்கலின். ஆமா, வண்டியிலதான் இருக்கேன். இல்ல, எடம் கெடச்சிது. சாப்பிட்டேன், சாப்பிட்டேன். ஆபீசுலயா நிக்கே? எக்ஸ்டென்ஷன் மனுவுல கைடு கையெழுத்து போட்டுத் தந்துட்டாரா? ஆமா, அஞ்சு மணியோட மூடிருவாவ. அம்மா, ஒண்ணு சொல்லணும் ஒங்கிட்ட. கேக்குதா? ஒண்ணு சொல்லணும்மா. என்னது? கோயில்லயா? எனக்காகவா? எதுக்கும்மா அதெல்லாம். ஒங்க அம்மாவுமா? என் பேரச் சொல்லி மெழுகுவத்தி எதுக்கு ஏத்திக்கிட்டு. இல்ல, இல்ல, சளி, தொண்டை கட்டியிருக்கு. என்ன சொல்ல வந்தேனா? அதாம்மா, அதத்தான் சொல்ல வந்தேன். குடுக்காத. அந்த மனுவக் குடுக்காத. ஆமா. வந்திரும். நான் போறேன்லா, கையோட கொண்டாந்திருதேன். கிழிச்சுப் போட்டுரு. சரிம்மா. வைக்கேன்.

என்ன செய்ய அண்ணாச்சி, அந்தக் கொரலக் கேட்டா வாய் வர மாட்டேங்கு. சர்ச்சுக்குப் போயிட்டு நேரா அங்க வந்து நிக்கா. அவகிட்ட போயி இதச் சொல்லவா? நம்பிக்கையா ஒரு வார்த்தை சொல்ல ஆளு வேணும்லா அவளுக்கு? அந்தப் பிள்ளைக்கு இதுல என்னைய விட்டா வேற யாரு இருக்கா?

எங்க அண்ணாச்சி, பெட்டியத் தூக்கிட்டிய? திருச்சி இன்னும் வரலையே.